பதினாறு எண்ணும் வரை

என் எண் ஒன்பது. காப்பிக் கோப்பைக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டையில் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது மேடையில் நிற்பது ஐந்து என்று நினைக்கிறேன், கிட்டாரோடு வந்த பெண் நான்கு, அப்படியானால் தன் பொறியியல் கல்லூரியைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும் இந்தக் கண்ணாடிக்காரன் ஐந்து, இல்லை, இடையில் யாராவது வந்து போனதை நான் கவனிக்கவில்லையா, கவிதை வாசித்த பல் டாக்டர் எத்தனையாவது? எல்லோரும் சிரிக்கிறார்கள். எதிரில் என் மனைவி பியூலாவும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி அவன் ஏதோ சொல்லிவிட்டான் போலிருக்கிறது. நானும் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் சிரிப்பு முடிந்துவிட்டது, என் வாய் மட்டும் கொஞ்ச நேரம் திறந்திருந்தது. என் காதில் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ட்யூன் எப்ப வரும் அங்கிள்? கேட்டவர் முகில், இந்த நிகழ்ச்சியை நடத்துகிறவர், முப்பது வயதிருக்கும், பகலில் வங்கியில் வேலை, சனிக்கிழமை சாயங்காலம் இந்த ஜவுளிக்கடை மாடியில் இருக்கும் காப்பிக் கடையில் ஒரு மைக்கை வைத்து, யார் வேண்டுமானாலும் ஏறி ஐந்து நிமிடம் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்கிறார். ஓப்பன் மைக் என்று பெயர். பாளையங்கோட்டைக்கு இது வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கூட்டம் வருவதற்கு முன்னால், ஐந்தரை மணிக்கு, பாடுகிறவர்கள் ஒவ்வொருவரும் மைக்கில் இரண்டு வரி பாடிக் காட்ட வேண்டும், சத்தம் சரிபார்ப்பதற்கு. நான் நான்கு வரி பாடிக் காட்டினேன். அவர் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு, முன்னாலிருந்த பெட்டியில் எதையோ திருகிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பிறகு மிகவும் மரியாதையாக, குரல் நல்லா கனமா இருக்கு அங்கிள் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ட்யூன் எப்ப வரும் அங்கிள்?" வரும் என்று சொன்னேன். கொஞ்சம் பொறுங்க, வரும் என்று, பஸ்ஸுக்கு நிற்கிறவனைப் பார்த்துச் சொல்வது போலச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வராது என்று.

எப்படி இது எனக்குத் தெரியாமல் போயிற்று? முப்பத்து மூன்று வருடம் சர்ச்சில், நாங்கள் கோவில் என்போம், பாடகர் குழுவில் பாடியவனுக்கு, இது தெரியாமல் போவதற்கு ஒரு அளவு வேண்டாமா? எங்கள் குழுவில் ஒரு பாட்டை நான்கு கூறாகப் பிரித்துப் பாடுவோம். பெண்களில் உச்சக் குரல்காரிகளுக்குத்தான் பாட்டின் ராகம், ஊரார் வீட்டுக்குப் போய் முணுமுணுப்பது அதைத்தான். அதற்குக் கீழே இன்னொரு பெண் வரிசை, அதற்கும் கீழே ஆண்களில் டெனர் என்கிற ஒரு வரிசை, எல்லோருக்கும் அடியில் நாங்கள், பேஸ் என்று சொல்கிற கீழ்க்குரல்காரர்கள். எங்களுக்கு ராகம் கிடையாது. மேலே நடப்பதற்கு நாங்கள் தரை. அவர்கள் பத்துச் சொல் பாடுகிற இடத்தில் நாங்கள் ஒரு சொல்லை இழுத்துக்கொண்டு நிற்போம். இதெல்லாம் எனக்குத் தெரியும், புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்படியிருந்தும் ஒன்றரை மாதமாகக் குளியலறையில் நின்று பழகும்போது, நான் பாடிக்கொண்டிருப்பது பாட்டு என்றுதான் நினைத்தேன். பொய்யில்லை. நான் வாயைத் திறந்தால் மற்ற மூன்று வரிசையும் எனக்குள் தானாகப் பாடத் தொடங்கிவிடும், உச்ச வரிசையில் சாந்தகுமாரி டீச்சரின் குரல் ஏறும், டெனர்காரர்கள் எப்போதும் போல அரைச் சுரம் கூட்டிப் பாடுவார்கள், நான் என் இடத்தில் நிற்பேன், பாட்டு முழுசாக இருக்கும். குளியலறையில் ஆள் நான் ஒருவன்தான் என்பது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இன்றைக்கு முகில் ஹெட்போனில் கேட்டது என்னை மட்டும். பெய்யட்டும், பெய்யட்டும், பெய்யட்டும் என்று ஒரே உயரத்தில் சொல்லிக்கொண்டே போகும் ஒரு ஆளை. பாவம், அவர் காத்திருந்திருக்கிறார்.

பாட்டு மழையைக் கேட்டு எழுதியது. ஆறு வற்றிப்போன ஒரு வருடம், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்காக எங்கள் பழைய கொயர் மாஸ்டர் ஆசீர்வாதம் ஐயா சொந்தமாகச் செய்தது, எங்கள் கோவிலைத் தவிர வேறெங்கும் யாருக்கும் தெரியாது. அதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், அதில்தான் கீழ்க்குரல் முதலில் தொடங்கும், நாலு சுரம், நாங்கள் மட்டும், கோவிலே அமைதியாக இருக்கும்போது. பெய்யட்டும். அந்த நாலு சுரத்தை நம்பி இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். நாலு சுரத்துக்கு அப்புறம் என்ன? இப்போது மேசைக்கு அடியில் முகத்தைக் கொண்டுபோய், ஷூ லேஸ் கட்டுகிறவன் போல, உண்மையான ராகத்தைப் பாடிப் பார்க்கிறேன். தெரியாமல் இல்லை, முப்பத்து மூன்று வருடம் இரண்டடி தள்ளிக் கேட்டது. வானம் திறந்து என்று தொடங்குகிறேன், வானம் சரியாக வருகிறது, திறந்து என்னும் இடத்தில் மேலே ஏற வேண்டும், தொண்டை ஏறப் போகிறது, ஏறவில்லை, வழுக்கிக்கொண்டு என்னுடைய பழைய சுரத்துக்கே வந்து நிற்கிறது. மறுபடி பார்க்கிறேன். மறுபடியும் அதேதான். இடது கையால் கையெழுத்துப் போடுகிற மாதிரி இருக்கிறது, எழுத்து தெரியும், கைக்குத் தெரியாது. நான் மேசைக்கு அடியில் அதிக நேரம் இருந்துவிட்டேனோ என்னவோ, பியூலா குனிந்து, என்ன தேடுதிய என்று கேட்டாள். ஒண்ணுமில்லை என்றேன். போட்டிருப்பது செருப்பு என்பது அப்புறம்தான் கவனத்துக்கு வந்தது.

ஆறாம் எண் ஒரு அண்ணனும் தங்கையும், பழைய சினிமாப் பாட்டு. ராகம் இருக்கிறது. தங்கைக்குக் கொஞ்சம் பயம், அண்ணன் அவள் பக்கம் திரும்பிக்கொண்டு பாடுகிறான். கல்லாப் பக்கத்தில் குளிர்பானம் வைக்கிற கண்ணாடி பிரிட்ஜ் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே நுழைந்ததிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அது என்னுடைய சுரத்துக்கு ஒரு படி கீழே ஓடுகிறது. நான் மின்வாரியத்தில் துணை மின்நிலைய ஆபரேட்டர். இருபத்தெட்டு வருடம் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதன் ரீங்காரம் இரவும் பகலும் ஒரே சுரம், அதிலிருந்து ஒரு படி ஏறினால் மழைப்பாட்டின் முதல் சுரம், வேலை நேரத்தில் ரீடிங் எழுதிக்கொண்டே அப்படிப் பிடித்து வைத்துக்கொள்வேன், எனக்குச் சுருதிப் பெட்டி வேண்டியதில்லை. இதைப் பெருமையாகத் தர்மராஜிடம் சொன்னபோது அவன், எல, நீ பாடுதியா இல்ல கரண்டு பாடுதா என்று கேட்டான். தர்மராஜ் குழுவில் எனக்கு வலது பக்கம் நிற்பவன். நிற்பவன் இல்லை, நின்றவன், ஜனவரியில் பெங்களூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டான். நல்ல குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். சுரம் எனக்குச் சரியாக நிற்கும், அது உண்மை. ஆனால் எண்ணிக்கை வராது. மழைப்பாட்டில் நடுவே ஓர் இடம், உச்சக் குரல்காரிகள் வானத்தைப் பிளந்துகொண்டு மேலே போவார்கள், கீழ்க்குரலுக்கு வேலை இல்லை, பதினாறு எண்ணிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும், பதினேழில் எங்கள் நிலத்தில் என்று பாடிக்கொண்டு இறங்க வேண்டும். நான் எண்ணுவேன், ஏழு எட்டு வரை ஒழுங்காக எண்ணுவேன், பிறகு சாந்தகுமாரி டீச்சரின் குரல் போகிற வழியில் நானும் போய்விடுவேன். பதினைந்தில் தர்மராஜ் கட்டைவிரலால் என் முழங்கையில் ஒரு இடி கொடுப்பான். முப்பத்து மூன்று வருடம் அந்த இடியில்தான் நான் இறங்கியிருக்கிறேன். சரி, அப்படியானால் பாடியது யார் என்று ஒரு கேள்வி இருக்கிறது. சுரம் டிரான்ஸ்பார்மருடையது, எண்ணிக்கை தர்மராஜுடையது, ராகம் சாந்தகுமாரி டீச்சருடையது. இதில் வேதமாணிக்கம் ஸ்டான்லி என்ற ஆள் எங்கே இருந்தான்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது நானில்லை, பியூலா. கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு வாரம் இருக்கும், கோவிலில் பாடியதை யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். அவள் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள், பிறகு கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள், பிறகு போனைக் காதோடு சேர்த்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "இதுல உங்க சத்தம் எது?" என்று கேட்டாள். இதோ என்று ஓர் இடத்தைக் காட்டினேன். "அது தர்மராஜ் அண்ணன் சத்தம்லா?" என்றாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, கடையில் எந்தப் பை நம்முடையது என்று கேட்பது போலத்தான் கேட்டாள், அதனால்தான் எனக்கு வலித்தது. இருபத்தெட்டு வருடம் கோவிலில் பெண்கள் பக்கம் பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறவள். ஒவ்வொரு ஞாயிறும் நான் மேலே நின்று பாடுவதை அவள் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பாடியிருக்கிறேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாலும் பாடியிருக்கிறேன், வெளியே கேட்கும் என்று. அன்றைக்கு அவள் தூங்கிய பிறகு போனை எடுத்துக்கொண்டு நானே கேட்டேன். ஒன்பது தடவை கேட்டேன், பத்துத் தடவைகூட இருக்கும். தர்மராஜின் குரல் கேட்டது. மற்றவர்கள் குரலும் கேட்டது. ஒருவர் இருமுவதுகூடக் கேட்டது. வாய் அசைவதைப் பார்த்தேன், என் வாய்தான், கடைசிக்கு முந்தின வரிசையில், கண்ணாடி பளபளக்க, நன்றாகத் திறந்து மூடுகிறது, ஆனால் அதிலிருந்து என்ன வருகிறது என்று எனக்கே பிடிபடவில்லை. பக்கத்துக் குரலோடு ஒட்டிப் பாடினால்தான் நல்ல குழு என்று ஆசீர்வாதம் ஐயா சொல்வார், அப்படிப் பார்த்தால் நான் நன்றாகப் பாடியிருக்கிறேன். அப்படியும் பார்க்கலாம். இல்லை, வாயை மட்டும் அசைத்திருந்தாலும் இந்த வீடியோ இப்படியேதான் இருந்திருக்கும், அப்படியும் பார்க்கலாம். இரண்டில் எது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். தர்மராஜ் இல்லாத இடத்தில், யாருமே இல்லாத இடத்தில், அவள் உட்கார்ந்து ஒரு தடவை கேட்க வேண்டும். அதற்காகத்தான் வாட்ஸ்அப்பில் வந்த இந்த ஓப்பன் மைக் படிவத்தை நிரப்பினேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமைதான், சனிக்கிழமை ஓரிடத்தில் பாடுகிறேன், வா என்றேன். அவள், சரி, என்ன சேல கட்ட என்று கேட்டாள்.

ஆனால் அவளுக்குக் கேட்க வேண்டும் என்று ஆசை இருக்கிறதா? இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மிக்சி ஒரு காரணம். காலையில் ஆறரைக்குக் குளியலறையில் பழகத் தொடங்குவேன், குளியலறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர், மேலே காற்றுக்கு விட்ட இடைவெளி, நான் பாடினால் அவளுக்கும் கேட்கும், அவள் பாத்திரம் வைத்தால் எனக்கும் கேட்கும். சரியாக உச்சக் குரல்காரிகள் மேலே ஏறுகிற அந்தப் பதினாறில், பாட்டிலேயே நல்ல இடத்தில், மிக்சி ஓடும். தினமும். தேங்காய்ச் சட்னி, இல்லையென்றால் மிளகாய், ஏதோ ஒன்று. சாந்தகுமாரி டீச்சரின் குரல் மேல் சல்லி லாரி கொட்டுவது போல இருக்கும். ஒரு நாள் ஈரத் தலையோடு வந்து, நான் பாடும்போதுதான் உனக்கு இது ஓட வேண்டுமா என்று கேட்டேன். அவள் சட்னியை வழித்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து, இட்லி ஆறுது என்றாள். கேட்கப் பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், நாகரிகமானவர்கள் மிக்சியைப் போடுவார்கள். அன்றைக்கு அப்படி நினைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டேன். நல்ல சட்னி. நான் அவளோடு பேசாமல் சாப்பிட்டேன், அவள் அதைக் கவனித்தாளா என்றுகூடத் தெரியவில்லை, இன்னும் ரெண்டு வைக்கட்டா என்றுதான் கேட்டாள்.

ஏழு முடிந்துவிட்டது. ஏழில் யார் வந்தார்கள்? கைதட்டல் மட்டும் கேட்டது. எட்டில் ஒரு பெண் சின்ன கிட்டார் போல எதையோ வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடுகிறாள், சொந்தப் பாட்டு என்று சொன்னாள், சொந்தப் பாட்டுக்கே ராகம் வைத்திருக்கிறாள். படிக்கட்டு எனக்குப் பின்னால் ஆறடியில் இருக்கிறது. கழிவறைக்குப் போவது போல எழுந்து, கீழே இறங்கி, ஜவுளிக்கடை வாசலில் நின்றுகொண்டு பியூலாவுக்குப் போன் போட்டு, சப்-ஸ்டேஷனில் பிரேக்கர் விழுந்து கரண்டு போய்விட்டது, உடனே போக வேண்டும், நீ ஆட்டோவில் வந்துவிடு என்று சொல்லலாம். நம்புவாள். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ தடவை நிஜமாகவே விழுந்திருக்கிறது. அல்லது பொதுவாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனையை எடுத்துப் பாடிவிட்டு இறங்கலாம், ஆனால் அதுவும் அப்படித்தானே, எந்தப் பாட்டை நினைத்தாலும் எனக்கு அதன் அடிப்பாகம்தான் முதலில் வருகிறது, பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூட எனக்குக் கீழ்க்குரல்தான் தெரியும், பேரனுக்குக் கேக் வெட்டும்போது நான் பாடுவதைக் கேட்டு மருமகன் என்னை ஒரு மாதிரி பார்த்தது இப்போது விளங்குகிறது. தண்ணீர் குடித்தேன். குடித்ததும் இன்னும் தாகமாக இருந்தது. இவளிடம் சொல்லிவிடுவது நல்லது, மேலே ஏறி அவமானப்படுவதற்கு முன்னால் இவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பியூலா என்று கூப்பிட்டேன். நான் பாடப்போறது பாட்டு இல்ல என்றேன்.

"பின்ன என்ன?"

"பாட்டுக்கு அடியில இருக்கது. அதைத் தனியாக் கேட்டா ஒண்ணும் விளங்காது. சிரிப்பாங்க."

அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண் பாடி முடிக்கும் தறுவாயில் இருந்தாள். "எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? தினம் காலையில பாடுதியளே, அதத்தான பாடப் போறிய?" என்றாள். ஆமா என்றேன். அப்ப அதையே பாடுங்க என்றாள், பாடிட்டு வாங்க, இந்தக் கேக்க ஒரு துண்டு வாங்கிப் பாப்போம், இருநூறு ரூபாய்க்கு அதுல என்னதான் வச்சிருக்கான்னு. தினம் காலையில் பாடுதியளே என்று சொன்னாள். மிக்சிக்கு நடுவில் இவளுக்கு எது கேட்டிருக்கும்? இதை நான் யோசித்து முடிப்பதற்குள் ஸ்டான்லி சார் என்று மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். ஒன்பது. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன், ரேஷன் கடையில் நீட்டுவது போல முகிலிடம் நீட்டினேன், அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

மேடை என்றால் அரையடி உயரப் பலகைதான். ஆனால் ஏறி நின்றதும் வலது பக்கம் காலியாக இருந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை, தர்மராஜ் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு செடி இருந்தது. விளக்கு கண்ணில் அடித்தது. முதல் இரண்டு மேசை தெரிந்தது, மூன்றாவது மேசையில் பியூலா பாதி தெரிந்தாள், அதற்கப்பால் போன் வெளிச்சங்கள். என்ன பாடப் போகிறீர்கள் என்று சொல்லலாம் அங்கிள் என்றார் முகில். மழைப்பாட்டு என்றேன். நாலு பேர் பாடுகிற பாட்டு, மூன்று பேர் வரவில்லை என்று சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள், நல்ல சிரிப்பாக இருந்திருக்கும், அதற்குள் அந்த நேரம் போய்விட்டது. பிரிட்ஜைக் கேட்டேன். அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மூச்சை உள்ளே இழுத்தேன், அப்போது பார்த்து பிரிட்ஜ் ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. இனி பத்து நிமிடத்துக்கு ஓடாது, இதெல்லாம் எனக்குத் தெரியும், இதுதான் என் தொழில். ஒரு சத்தமும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, எங்கிருந்து என்று தெரியாமல், பெய்யட்டும் என்றேன். சரியாக இருந்ததா? சரியாகத்தான் இருந்தது, அல்லது சரியா என்று பார்ப்பதற்கு அங்கே வேறொன்றும் இல்லை. குரல் ஒலிபெருக்கியில் போய் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது, யாரோ ஒருவன் பாடுகிறான் என்று ஒரு கணம் நினைத்தேன், தர்மராஜ் இல்லை, இது மெல்லியது, கொஞ்சம் கரகரப்பு, ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் மூச்சுக் கசிகிறது. யார் இது? இவனை எனக்குத் தெரியாது. பெய்யட்டும், பெய்யட்டும். மேலே ராகம் இல்லை. நான் காதைக் கொடுத்துப் பார்த்தேன், எனக்குள்ளும் இல்லை, குளியலறையில் தவறாமல் வருகிற சாந்தகுமாரி டீச்சர் இன்றைக்கு வரவில்லை, டெனர்காரர்கள் வரவில்லை, முழுப் பாட்டும் எங்கோ போய்விட்டது, அடியில் நான் மட்டும் ஒரே உயரத்தில் நடந்துகொண்டிருந்தேன், இரண்டு சுரம் கீழே, ஒரு சுரம் மேலே, மறுபடி அதே இடம். முதல் மேசையில் ஒரு பெண் தன் சிநேகிதியைப் பார்த்தாள். முகில் கையைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார், காத்திருக்கிறார், நான்தானே வரும் என்று சொன்னேன். நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால், நிறுத்துவதற்கு ஓர் இடம் வேண்டும், அது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் பாடிக்கொண்டே போனேன், போய் அந்தப் பதினாறில் விழுந்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பதினாறைக் கேட்கிறேன். அதில் ஒன்றுமே இல்லை. நான் எப்போதும் பாட்டு நிரம்பியிருப்பதாக நினைத்த இடம், மின்விசிறிச் சத்தமும் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தமுமாக இருக்கிறது. ஐந்து. வெளியே இருந்து கேட்கிறவர்களுக்கு இது இப்படித்தான் கேட்டிருக்குமா, குளியலறைக்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம், அடுப்படியில்? ஒருவன் பாடிக்கொண்டே வந்து திடீரென்று நிற்கிறான், கால் நிமிடம் சத்தமே இல்லை, பிறகு மறுபடி பாடுகிறான். எட்டு. இல்லை, ஏழு. முன்னால் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள், பாவம், மறந்துவிட்டான் என்று நினைத்து ஆதரவாகத் தட்டுகிறார்கள், இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள், முகில் பலகையில் ஏறி மைக்கின் பக்கம் கையை நீட்டி, ரொம்ப நன்றி ஸ்டான்லி சார் என்று தொடங்கினார். ஒன்பதா? பத்தா? கைதட்டலில் எண்ணிக்கை கலைந்துவிட்டது, முழங்கை காத்திருக்கிறது, அங்கே செடிதான் இருக்கிறது.

"தம்பி, இன்னும் முடியல. கொஞ்சம் சும்மா இருங்க."

பியூலா எழுந்திருக்கவில்லை, சத்தம் போடவும் இல்லை, வீட்டில் அடுத்த அறையில் இருப்பவரிடம் சொல்வது போலச் சொன்னாள். கைதட்டல் நின்றது. முகில் நீட்டிய கையை அப்படியே பின்னால் கொண்டுபோனார். அவள் என்னைப் பார்க்கவில்லை. இடது உள்ளங்கையை மேசைமேல் இருந்த காப்பிக் கோப்பையின் வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், மிக்சி மூடி எகிறிவிடாமல் பிடிப்பது போல. வலது கை கோப்பைக்குக் கீழே, முன்பக்கமாக, அங்கே இல்லாத ஒரு திருகைப் பிடித்திருந்தது. உதடு அசைந்தது. அவள் எண்ணுகிறாள். தினமும் எண்ணியிருக்கிறாளா? நான் இறங்கியதால் மிக்சி நின்றதா, மிக்சி நின்றதால் நான் இறங்கினேனா, ஒன்றரை மாதமாகச் சரியான இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தேனே, தர்மராஜ் இல்லாமல், அது எப்படி என்று ஒரு நாளாவது நான் கேட்டுக்கொண்டேனா? யோசிக்க நேரமில்லை. கேள்வி அப்படியே இருக்கட்டும். அவள் உதட்டைப் பார்த்தேன், விரல்களைப் பார்த்தேன், மூச்சை இழுத்துக்கொண்டேன். வலது கை இடப்பக்கமாகத் திரும்பி நின்றது. நான் இறங்கினேன்.